அளக்கும் கோல்

விளையாட்டில் எழும் வழக்குகளைப் பெரியோர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தெருவில் சிறுவர் சிலர், “அளந்தது சரியன்று” என்றும், “புலி அவ்வழியே தாண்டலாகாது” என்றும் குரலெடுத்து வாதிடும்போது, “விளையாட்டுக்கு ஏன் இத்தனைச் சண்டை?” என்று அதட்டிக் கலைத்துவிடுகின்றோம். இஃது எனக்கு உடன்பாடன்று. ஆட்டம் என்பது விதிகளால் ஆயது. விதியை நீக்கிவிட்டால் ஆடுபுலி என்பது தரைமேற் கிடக்கும் பதினெட்டுக் கற்கள். கிட்டிப்புள் என்பது இரண்டு மரத்துண்டுகள். கல்லுக்கும் மரத்துண்டுக்கும் உயிர் கொடுப்பது விதியேயாகலின், அவ்விதியைப் பற்றி வாதிடுவோர் ஆட்டத்தை மறந்தவர் அல்லர்; அதன் நடுவே நிற்பவர் ஆவர்.

இவ்வழக்குகள் பெரும்பாலும் இரண்டு வகையுள் அடங்கும். காய் எவ்வாறு நகரலாம் என்பது ஒன்று. தொலைவை எவ்வாறு அளப்பது என்பது மற்றொன்று. முன்னதை நடை என்றும் பின்னதை அளவு என்றும் கூறுவோம்.

பழந்தமிழர் ஆடிய ஆட்டங்களுள் ஒன்று வல் எனப்பட்டது. அதற்குரிய காயின் பெயர் நாய். வல் என்னும் சொல்லோடு நாய், பலகை என்னும் சொற்கள் புணரும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் எடுத்து ஓதுகின்றார். இலக்கண ஆசிரியர் தனியே நின்று நோக்கும் அளவிற்கு அச்சொற்கள் மக்கள் நாவில் வழங்கின என்பது இதனாற் பெறப்படும். புறநானூற்றின் 52-ஆம் பாட்டில் உள்ளத்தை உருக்கும் காட்சி ஒன்று உண்டு. நரைத்த முதியோர் பொதுவிடத்தில் அமர்ந்து நாய்களை இட்டு இட்டு ஆடியதனால் அவ்விடம் குழிந்துவிட்டது. பகைவரால் ஊர் பாழ்பட்ட பின்னர், அக்குழியில் காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. பாட்டு நின்றது, சொல் நின்றது, குழியும் பாட்டினுள்ளே நின்றது. அக்காய்கள் எவ்வாறு நகர்த்தப்பட்டன என்னும் விதியோ, அதனை வாய்மொழியாகப் பேணிய முதியோருடனே மறைந்தது. ஆட்டத்தின் விதி ஏட்டில் வாழ்வதன்று; ஆடுவோர் வாயில் வாழ்வது. அதனைப் பற்றிய பேச்சு நின்ற நாளில் அதுவும் நின்றுவிடும்.

இனி, நம் காலத்தில் இன்னும் உயிரோடிருக்கும் ஆட்டங்களுக்கு வருவோம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் காவல் நிற்க, இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் தொடர்ந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் ஆடுபுலி ஆட்டம் சாவடித் திண்ணைகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் உரியது. ஒரு முக்கோணமும் அதனை ஊடறுத்துச் செல்லும் கோடுகளும் சேர்ந்து 23 புள்ளிகளை உண்டாக்கும். புலி 3, ஆடு 15. ஆட்டுக்குரியவர் ஒவ்வோர் ஆடாகப் புள்ளியில் வைப்பார். புலி கோட்டின்வழியே அடுத்த புள்ளிக்கு நகரலாம்; அன்றி, அடுத்திருக்கும் ஆட்டைத் தாண்டி, நேர்கோட்டில் அப்பாலுள்ள வெற்றிடத்தில் அமர்ந்து அதனை வெட்டலாம். ஆடுகள் புலிகளை நகரவொட்டாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி.

இவ்வாட்டத்தில் அளவு பற்றிய வழக்கு ஒருநாளும் எழுவதில்லை. அதற்குக் காரணம், அளவு கல்லிலேயே கீறப்பட்டிருத்தல். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே விரற்கடை எத்தனை என்று எவரும் வினவுவதில்லை. மண்டபத்துக் கல்லில் உளியாற் கீறினாலும், திண்ணையிற் கரித்துண்டாற் கிறுக்கினாலும், கோடு கோணலாயினும், ஆட்டம் ஒன்றே. ஆனால் நடை பற்றிய வழக்கிற்கோ பஞ்சமில்லை. புலி ஒரே வீச்சில் இரண்டு ஆடுகளை அடுத்தடுத்துத் தாண்டலாமா? புலிகள் மூன்றையும் தொடக்கத்திலேயே வைத்துவிடுவதா, ஆடு வைக்கவைக்க ஒவ்வொன்றாக இறக்குவதா? எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி? ஊருக்கு ஊர் விடை வேறுபடும். ஒரே ஊரிலும் தாத்தா ஆடிய முறை ஒன்றும் பேரன் ஆடும் முறை ஒன்றுமாய் இருத்தல் உண்டு.

இவற்றுட் பல, எவ்வாறு கொள்ளினும் குற்றமில்லாதவை. ஒன்றில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆடுகள் 15-உம் வைத்து முடியுமுன் எந்த ஆடும் இடம்பெயரலாகாது என்னும் பழைய விதியைத் தளர்த்தலாகாது. “ஆட்டுக்கும் கால் உண்டே” என்று இரக்கம் காட்டுவோர் சிலர் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆடுகள் எண்ணிக்கையில் மிக்கவை. அவை கூடிநின்றால் புலிக்குப் போக்கிடம் இல்லை. அவ்வலிமைக்கு ஈடாகவே, வைத்த இடத்தில் நிற்கவேண்டும் என்னும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆட்டையும் வைக்கும்போதே பின்விளைவை எண்ணி வைக்கவேண்டும். வைத்தபின் மீட்க இயலாது. புலிக்கு வாய்ப்புக் கிடைப்பதும் அப்பொழுதுதான். தொடக்கத்திலேயே ஆட்டுக்கு நடை கொடுத்துவிட்டால், தவறாக வைத்ததைத் திருத்திக்கொண்டே போகலாம். புலி சும்மா சுற்றிவரும். அவ்வாறே, ஒரே வீச்சில் பல ஆடுகளைத் தாண்டலாம் என்று புலிக்கு மிகை கொடுத்தால், ஆடு வைப்பவர் நான்காம் ஆட்டத்திற்கு உட்காரமாட்டார். ஒரு பக்கத்திற்கு இரங்கி விதியை மாற்றுவோர் மறுபக்கத்தையும் எண்ணுதல் வேண்டும்.

நடை விதி என்பது மாறாத இயற்கையன்று, மக்களின் உடன்பாடே என்பதற்குச் சதுரங்கம் நல்ல சான்று. நம் நாட்டில் வழங்கிய பழைய முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அரசன் ஒருமுறை மட்டும் குதிரையைப் போலத் தாவலாம். ஐரோப்பிய முறையில் காலாள் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம். அரசனுக்குத் தாவல் இல்லை, கோட்டை கட்டிக்கொள்ளும் நகர்வு உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இந்திய முறையில் ஆடிப் பழகியவர். 1929-இல் இங்கிலாந்து சென்று, அந்நாட்டு முறையில் ஆடி, அவ்வாண்டிலேயே பிரித்தானிய வாகையர் பட்டத்தை வென்றார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். உலக வாகையராய் இருந்த காப்பாபிளாங்காவையும் ஒருமுறை தோற்கடித்தார். ஒரு விதியில் ஊன்றித் தேர்ந்தவன் மற்றொரு விதிக்கும் அஞ்சான் என்பதை அவர் வாழ்க்கை காட்டும். எனினும், 2022-இல் மாமல்லபுரத்தில் பல நாட்டாரும் கூடிச் சதுரங்க ஒலிம்பியாடு ஆடியபோது, மொழியறியாத இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒரு சொல்லும் பேசாமல் ஆட முடிந்தது, எல்லார்க்கும் விதி ஒன்றாய் இருந்தமையால் அன்றோ? பொதுவிதிக்கும் பயன் உண்டு. அதனை நான் மறுக்கவில்லை.

இனி அளவுக்கு வருவோம். கோடில்லாத வெளியில் ஆடும் ஆட்டங்களுக்கே அளவு வேண்டும். அவற்றுள் தலையாயது கிட்டிப்புள். கில்லி எனவும் வழங்கும். முழத்திற்குச் சற்றே மிகுந்த கோல் ஒன்று. இருமுனையும் கூராகச் சீவிய சிறிய புள் ஒன்று. நிலத்தில் சிறு குழி ஒன்று. வேறு பொருள் வேண்டா. அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல் போதும். புள்ளின் முனையைத் தட்டி எழுப்பி, அது நிலத்தில் விழுமுன் கோலால் ஓங்கி அடிக்கவேண்டும். எதிர்ப்பக்கத்தார் பிடித்துவிட்டால் அடித்தவன் ஆட்டம் இழப்பான். பிடிபடாமல் விழுந்தால், குழிக்கும் புள்ளுக்கும் இடைப்பட்ட தொலைவை அக்கோலாலேயே அளந்து எண்ணிக்கை கொள்வர்.

அக்கோலாலேயே என்பதைக் கருதுக. ஆட்டத்தின் அறிவு முழுவதும் அச்சொல்லில் அடங்கியிருக்கின்றது. நீண்ட கோல் கொண்டு அடித்தால் புள் நெடுந்தொலைவு போகும். அதனால் வலிய சிறுவன் நீண்ட கோலையே விரும்புவான். ஆனால் அளக்கும்போது அந்நீளமே அவனுக்கு எதிராகும். 60 அடித் தொலைவை ஒன்றரை அடிக் கோலால் அளந்தால் எண்ணிக்கை 40. இரண்டடிக் கோலால் அளந்தால் 30. இரண்டடிக் கோல் கொண்டவன் 40 பெறவேண்டுமாயின் புள்ளை 80 அடிக்கு அனுப்புதல் வேண்டும். கோலின் நீளம் இவ்வளவுதான் என்று எவரும் சட்டம் இயற்றவில்லை. இயற்றவேண்டிய தேவையும் எழவில்லை. அடிக்கும் கருவியே அளக்கும் கருவியானமையால் பேராசைக்கு அதனுள்ளேயே தடை அமைந்துவிட்டது. இதனை வகுத்தவர் யார் என்று அறியோம். கருவேலங்கிளையை ஒடித்துச் சீவிய சிறுவர் வழிவழியே கண்டுகொண்டதாதல் வேண்டும். நீதிநூல் கற்ற பெரியோரும் இதனினும் செவ்விய முறையொன்றை எளிதில் வகுத்துவிட முடியாது.

பல ஊர்களில் இதற்குமேல் ஒரு படியும் உண்டு. புள் விழுந்தவுடன் அளப்பதில்லை. அடித்தவன் குழியருகே நின்று கண்ணால் மதிப்பிட்டு, “முப்பது தா” என்று கேட்பான். எதிர்ப்பக்கத்தார் தம்முள் கலந்து, தகும் எனத் தோன்றினால் கொடுத்துவிடுவர். மிகை எனத் தோன்றினால், “அளந்து எடுத்துக்கொள்” என்பர். அளந்தபோது முப்பதிற்குக் குறைந்தால் கேட்டவன் ஆட்டம் இழப்பான். நாற்பது இருந்தாலும் கேட்ட முப்பதே கிடைக்கும். குறைத்துக் கேட்டால் இழப்பு. கூட்டிக் கேட்டால் அழிவு. எதிர்ப்பக்கத்தார்க்கும் இதே இக்கட்டுத்தான்: எளிதில் கொடுத்தால் எண்ணிக்கை ஏறும், வீணே அளக்கச் சொன்னால், “அண்ணே, நான் குறைத்தல்லவோ கேட்டேன்!” என்று அடித்தவன் நகைப்பான்.

இங்கேதான் பெரிய வழக்கு ஒன்று பிறக்கின்றது. கேட்பதற்கு முன்னரே அளந்து பார்த்துக்கொள்ளலாமா? இது நம் ஊர்ச் சிறுவர் வழக்கு மட்டும் அன்று. மேலைநாட்டில் மேசைமேல் சிறு படைவீரர் உருவங்களை நிறுத்திப் போராடும் ஆட்டம் ஒன்று உண்டு. பிரஷிய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் படை அலுவலர் 1824-இல் படை அலுவலர் பயிற்சிக்கென வரைபடத்தின்மேல் ஆடும் போராட்டம் ஒன்றை விதிகளோடு வெளியிட்டார். நடுவர் ஒருவர் இருந்து முடிவு கூறுவார். பின்னர் 1876-இல் வெர்டி து வெர்னுவா என்பார், விதிகளின் சுமையைக் குறைத்து, பட்டறிவுடைய நடுவரின் தீர்ப்பிற்கே பலவற்றையும் விடலாம் என்றார். விஞ்ஞானக் கதைகளாற் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் இத்தகைய ஆட்டத்தைப் பொம்மை வீரரைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் வகை கூறினார். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரும். குதிரைவீரன் இரண்டு அடி. அளப்பதற்கு நூற்கயிறு. உண்மைப் போரைவிட இச்சிறு போரே மேல் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே உலகப் பெரும்போர் மூண்டது.

இவ்வழியில் வந்து இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது, 1983-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வார்ஹாமர் என்னும் ஆட்டம். அதிற் கட்டங்கள் இல்லை. அளவு நாடாவே எல்லாம். நெடுங்காலம் அதன் விதி நம் கிட்டிப்புள் விதியை ஒத்திருந்தது. “என் படை உன் படைமேற் பாய்கின்றது” என்று முதலில் அறிவித்தல் வேண்டும். அதன்பின்னரே அளத்தல் வேண்டும். தொலைவு எட்டவில்லையாயின் பாய்ச்சல் வீணாகும். 2010-இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில் இவ்விதி மாற்றப்பட்டது. எவரும் எந்நேரமும் அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. இம்மாற்றம் நன்றா தீதா என்று ஆடுவோர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர்.

முன்னரே அளத்தல் தகும் என்பார் கூற்றிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கண்பார்வை கூர்மையானவனுக்கும் மங்கியவனுக்கும் பிறப்பிலேயே வேற்றுமை உண்டு. அதனை ஆட்டத்திலும் நுழைப்பது ஏன் என்பர். மேலும், மேசையாட்டத்தில் தடையை மீறுதல் எளிது. முழங்கையை மேசைமேல் ஊன்றுவதுபோல ஊன்றித் தொலைவை அறிந்துகொள்வான் ஒருவன். வேறொன்றை அளப்பதுபோல நாடாவை நீட்டி வேண்டியதை அறிவான் மற்றொருவன். விதிக்கு அடங்கி நடப்பவன் தோற்கவும், ஒளித்து அளப்பவன் வெல்லவும் நேர்ந்தால், அவ்விதியை எடுத்துவிடுவதே முறை என்பது அவர்கள் வாதம். காக்க முடியாத விதி நல்லோர்க்கு மட்டும் விலங்காகும் என்பதை நானும் ஒப்புவேன். ஆகவே நாலடி மேசைமேல் ஆடும் ஆட்டத்திற்கு அம்மாற்றம் பொருந்தும் என்றே கருதுகின்றேன்.

ஆனால் வயல்வெளிக்கு அது பொருந்தாது. அறுபது அடித் தொலைவை எவர் முழங்கையால் ஒளித்து அளப்பார்? எல்லார் கண்ணும் புள்மேல் இருக்க, அடித்தவன் குழியருகே நிற்கின்றான்; அவனிடம் இருப்பது இரண்டு கண்களே. எதிர்நிற்பவர்க்கும் அவ்வாறே. அந்நிலையில் முன்னரே அளக்க விட்டால் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் பொருளே இல்லை. எண்ணிக்கை எழுதும் வேலைதான் மிஞ்சும். பார்வைக் கூர்மை பிறவியால் மட்டும் வருவதன்று, பழக்கத்தாலும் வரும். வரப்பைக் கண்டவுடன் அதன் நீளம் கூறும் உழவர், கல்லூரியில் நிலஅளவை பயின்றவர் அல்லர். இளமையில் இவ்வாறு கேட்டும் இழந்தும் பழகிய கண் பிற்காலத்தில் விதைநெல்லுக்கும் வேலிக் கம்பிக்கும் கணக்குச் சொல்லும்.

அளவு பற்றிய வழக்கு எத்துணை ஆழமானது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு எடுத்துக் கூறவேண்டுவதில்லை. 1895-இல் முடிந்த பெரியாற்று அணையின் நீரே இப்பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கு உயிர். அவ்வணையின் நீர்மட்டம் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, 142 அடி வரை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-லும் 2014-லும் தீர்ப்பளித்தது. இடையே ஓடிய காலத்தையும் அவ்வழக்கின் கடுமையையும் யாவரும் அறிவர். ஆறடி என்பது சிறிய அளவுதான். அதனை யார் அளப்பது, எங்கிருந்து அளப்பது, அளந்ததை யார் ஒப்புவது என்பவையே பெரியவை. சிறுவர் குழியருகே நின்று இடும் பூசலும் இவ்வினாக்களைப் பற்றியதே.

இதனாலேயே, மரபு விளையாட்டுக்களைப் பள்ளி விழாக்களில் மீண்டும் நடத்தவேண்டும் என்போர்க்கு ஒன்று கூற விரும்புகின்றேன். நடத்துவது நன்று, மகிழ்ச்சியே. ஆனால் கிட்டிப்புள்ளுக்கு அளவு நாடா கொண்டுவரவேண்டா. நாடா நடுநிலையானது என்று தோன்றும். அதனால் விளைவது யாதெனின், கோலின் நீளம் அடிப்பதற்கு மட்டும் உதவி, எண்ணிக்கையைக் குறைக்காமற் போம். மறு ஆண்டே மாணவர் மூன்றடிக் கோலோடு வந்து நிற்பர். உடனே கோலின் நீளத்திற்கு ஒரு விதி வேண்டும். பின்னர்த் தடிமனுக்கு ஒன்று. புள்ளின் எடைக்கு ஒன்று. இவற்றையெல்லாம் ஆய்வதற்கு அலுவலர் ஒருவர். ஒரு கோல் தானே செய்த வேலையை ஒரு குழு கூடிச் செய்யும். நாடா, ஈட்டியெறிதலுக்கும் நீளத்தாண்டலுக்கும் இருக்கட்டும்.

அவ்வாறே, ஆடுபுலி விதிகளை ஒரு தாளில் அச்சிட்டு எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டால் வழக்கு ஒழியும் என்பாரும் உளர். மாவட்டப் போட்டிக்கு அது வேண்டும். வேறுவேறு ஊரார் கூடும் இடத்தில் பொதுவிதி இல்லாமல் முடியாது. ஆனால் அத்தாளை ஊர்த்திண்ணைக்கு அனுப்பலாகாது. கூடலூர்த் திண்ணையில் ஐந்து ஆட்டிற்குப் புலி வெல்வதும், போடிநாயக்கனூர்த் திண்ணையில் ஆறு ஆட்டிற்கு வெல்வதும் இருந்தால் யாருக்கு என்ன குறை? ஓரூரான் மற்றோர் ஊரில் ஆட அமரும்போது, “உங்கள் ஊர் முறையா, எங்கள் ஊர் முறையா?” என்று முதலிற் கேட்பான். அக்கேள்வி எழுந்து, இருவரும் இசைந்து, அதன்பின் முதல் ஆட்டை வைக்கவேண்டும். இடையில் தோற்கும்போது, “எங்கள் ஊரில் அப்படியில்லை” என்று தொடங்குவானைத்தான் அடக்கவேண்டும். வழக்கிற்கு உரிய நேரம் ஆட்டத்தின் முன். அல்லது ஒருவரும் எண்ணிப்பாராத நிலை நேரும்போது.

அத்தகைய நிலைகள் நேரத்தான் செய்யும். புள் வரப்பின்மேற் சாய்ந்து நின்றால் அளவு அதன் தலைவரையா, அடிவரையா? வாய்க்காலுள் விழுந்தால், கோலை நீரின்மேல் நீட்டி அளப்பதா, கரையோடு நிறுத்திக்கொள்வதா? குழியின் எந்த விளிம்பிலிருந்து முதற்கோலை வைப்பது? இவற்றிற்கு என்னிடம் விடை இல்லை. கேட்பாரும் என்னிடம் வரார். கோடை விடுமுறையில் முல்லையாற்றங்கரை வயல்களில் மாலை நான்கு மணிக்குமேற் சென்றால், இவை அங்கே உரத்த குரலில் ஆராயப்படுவதைக் கேட்கலாம். செல்வோர் சற்றுத் தொலைவிலேயே நிற்பது நலம். புள் எப்பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.